கிரியாட்டினின் உயரும்வரை காத்திருக்க வேண்டுமா?

பல்லாவரம் தொடங்கிப் பெருங்களத்தூர்வரை ஜி.எஸ்.டி. சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் விடிந்ததுமே திறந்துவிடுகின்றன. நடைப்பயிற்சி முடித்து வருகிற ஓய்வூதியர்கள், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்கள் என வரிசை நிற்கிறது. வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுப்பது பல குடும்பங்களில் மாதாந்தரச் செலவுக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வதில் தென்சென்னைப் புறநகர் மக்கள் அசட்டையாக இருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால், அதே நிலையத்தில் சிறிதளவு சிறுநீரைக் கொடுத்து, அதில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலானோர் சிறுநீரகத்துக்கென்று செய்துகொள்வது, ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளை அளக்கும் சோதனை மட்டும்தான். "கிரியாட்டினின் நார்மல், கிட்னி நன்றாக இருக்கிறது" என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது. கிரியாட்டினின் இயல்பு எல்லையைத் தாண்டுவதற்குள் சிறுநீரகம் தன் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதியை இழந்திருக்கக்கூடும். தசை குறைவாக உள்ளவர்களுக்கும் இறைச்சி குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் கிரியாட்டினின் இயல்பிலேயே குறைவு. நம் ஊரில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த எண் உண்மை நிலையை இன்னும் தாமதமாகத்தான் சொல்லும்.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. தேசிய அளவில் வயதுவந்தோரில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். சென்னையைச் சேர்ந்த ஆர்.எம்.அஞ்சனா, வி.மோகன் உள்ளிட்டோர் முன்னின்று நடத்திய ஆய்வு இது. இதற்கு முன்பே, சென்னை நகரவாசிகளிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான 'க்யூர்ஸ்' ஆய்வு சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைத் தனியாக ஆராய்ந்தது. வெளிப்படையான சிறுநீரக நோய் 2.2 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. ஆனால், சிறுநீரில் ஆல்புமின் சிறிய அளவில் கசியத் தொடங்கியிருந்தவர்கள் 26.9 சதவீதம்! நான்கு பேரில் ஒருவருக்கும் மேல், தங்களுக்கே தெரியாமல், அந்த நோயின் வாசற்படியில் நின்றிருந்தார்கள். நாடு முழுவதும் 52,000க்கும் மேற்பட்ட நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2012இல் வெளியான இந்தியப் பதிவேட்டில், காரணங்களில் முதலிடம் சர்க்கரை நோய்க்குத்தான்: 31 சதவீதம்.

இந்த எண்களோடு சேர்த்துக் கவலைப்பட வேண்டிய ஒரு நம்பிக்கையும் நம்மிடையே இருக்கிறது. "சுகர் மாத்திரையை நிறையச் சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்பதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. டயாலிசிஸுக்கு வந்துவிட்ட உறவினரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அவர் இருபது ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டதை நினைவுகூர்கிறார்கள். இருபது ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்ததை மறந்துவிடுகிறார்கள். பிறகு, மாத்திரையைத் தாங்களாகவே பாதியாக்குகிறார்கள், அல்லது நிறுத்திவிடுகிறார்கள். மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரையைச் சிறுநீரகம் மிகவும் தளர்ந்த நிலையில் மருத்துவர்கள் குறைப்பதும் நிறுத்துவதும் உண்மை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்காக அல்ல. தளர்ந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் உடலில் தேங்கிவிடும் என்பதற்காக. சிறுநீரகத்தைக் கெடுப்பது எது என்பதைச் செல்களின் அளவில் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் நீங்கிவிடும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் கிளாமருலஸ் என்னும் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் இங்கே வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மற்றதை நெஃப்ரானின் நுண்குழல்கள் ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

வடிகட்டும் சுவருக்கு மூன்று அடுக்குகள். உட்புறத்தில், நுண்துளைகள் கொண்ட ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்கள். நடுவில், கொலாஜன் புரதத்தால் ஆன அடித்தள சவ்வு. வெளிப்புறத்தில் போடோசைட்டுகள். இந்த மூன்றாவது வகைச் செல்தான் இக்கதையின் மையம். பக்கத்துப் பக்கத்துப் போடோசைட்டுகளின் பாத நீட்சிகள், இரு கைகளின் விரல்களைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. இடைவெளிகளை நெஃப்ரின் உள்ளிட்ட புரதங்கள் அடைக்கின்றன. பின்லாந்துக் குழந்தைகளிடம் பிறவியிலேயே காணப்படும் ஒரு சிறுநீரக நோயின் மரபணுவைத் தேடியபோது, 1998இல் கண்டறியப்பட்ட புரதம் நெஃப்ரின். அது இல்லாத குழந்தைகளின் சிறுநீரில் புரதம் கொட்டுகிறது. அந்த ஒரு கண்டுபிடிப்பு, வடிகட்டலின் கடைசிக் காவல் போடோசைட்டிடம் இருப்பதைத் தெளிவாக்கியது. தோல் செல்லும் கல்லீரல் செல்லும் அழிந்தால் பக்கத்துச் செல் பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். முதிர்ந்த போடோசைட் அப்படிப் பிரிந்து பெருகுவதில்லை. இழந்தால் இழந்ததுதான்; மிஞ்சியவை தங்களை அகட்டிக்கொண்டு வெற்றிடத்தை மூடப் பார்க்கின்றன.

ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது உடலின் பல செல்கள் உள்ளே நுழையும் குளுக்கோஸைக் குறைத்துக்கொள்கின்றன. ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களாலும், கிளாமருலஸைத் தாங்கி நிற்கும் மெசாஞ்சியல் செல்களாலும் அது முடிவதில்லை. வெளியே எவ்வளவு சர்க்கரையோ, அதற்கேற்ப உள்ளேயும் ஏறுகிறது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா அளவுக்கு மீறி வேலை செய்து, சிதைவை உண்டாக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது. புரதங்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. தழும்பை உருவாக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞை ஏறுகிறது. மெசாஞ்சியல் செல்கள் தங்களைச் சுற்றித் தேவையில்லாத நார்ப்பொருளைக் கொட்டத் தொடங்குகின்றன. அடித்தள சவ்வு தடிக்கிறது. தடித்தாலும் அது முன்பைவிட ஒழுகும் சவ்வாகிறது. போடோசைட்டுகளின் பாதங்கள் தட்டையாகி, பிடி நழுவி, ஒவ்வொன்றாகச் சிறுநீரோடு போய்விடுகின்றன.

நுண்குழல்களில் நடப்பது இதைவிட விந்தையானது. வடிகட்டப்பட்ட குளுக்கோஸில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எஸ்ஜிஎல்டி2 என்னும் கடத்திப் புரதம் ரத்தத்துக்குத் திருப்பி எடுக்கிறது. கூடவே சோடியத்தையும் எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை மிகும்போது இந்தக் கடத்தி கூடுதலாக வேலை செய்கிறது. அதனால், குழலின் பிற்பகுதியில் சோடியத்தை அளந்துபார்க்கும் உணர்செல்களுக்குக் குறைவான உப்பே போய்ச் சேர்கிறது. வடிகட்டல் போதவில்லை என்று அவை தவறாகக் கணித்து, கிளாமருலஸுக்குள் வரும் ரத்தக்குழாயை விரியச் செய்கின்றன. வெளியேறும் குழாயோ ஆஞ்சியோடென்சின் என்னும் இயக்குநீரால் இறுகியிருக்கிறது. உள்ளே அழுத்தம் எகிறுகிறது. எனவே, நோயின் தொடக்கத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டுகிறது; அளவிலும் பெரிதாகிறது. அப்போது எடுக்கும் கிரியாட்டினின் அறிக்கை பிரமாதமாக இருக்கும்! அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கும் அதே மாதங்களில்தான் போடோசைட்டுகள் பிடி தளர்ந்துகொண்டிருக்கின்றன.

2019இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக (செயின்ட் லூயிஸ்) ஆய்வாளர்கள், சர்க்கரை நோயின் ஆரம்பகட்டச் சிறுநீரகத் திசுவைத் தனித்தனிச் செல்கருக்களாகப் பிரித்து, எந்தச் செல்லில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று படித்தார்கள். மூன்று நோயாளிகள், நோயில்லாத மூன்று பேர், ஏறக்குறைய 24,000 செல்கருக்கள். நோய் தொடங்கிய அந்தக் கட்டத்திலேயே நோய் எதிர்ப்புச் செல்கள் பல மடங்கு பெருகியிருந்தன. குழல் செல்களின் மரபணு இயக்கமும் மாறியிருந்தது. ஆறே பேரின் திசு என்பதால் முடிவுகளை நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என்றாலும், நோய் கிளாமருலஸோடு நிற்கவில்லை, குழல்களுக்குள்ளும் ஆரம்பத்திலேயே புகுந்துவிடுகிறது என்பதை அது கண்ணெதிரே வைத்தது.

இந்த நோயின் நுண்ணோக்கி அடையாளத்தை முதலில் விவரித்தவர்கள் பால் கிம்மல்ஸ்டீலும் கிளிஃபர்ட் வில்சனும். 1936இல், எட்டு நோயாளிகளின் உடற்கூறாய்வில் கிளாமருலஸுக்குள் உருண்டையான முடிச்சுகளைக் கண்டார்கள். இன்சுலின் மனிதருக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது 1922இல். அதற்கு முன் சர்க்கரை நோயாளிகள் பலர் சிறுநீரகம் கெடும் வயதுவரை வாழவே இல்லை. ஆயுள் நீண்ட பிறகே இந்த நோய் பெருமளவில் தெரியவந்தது.

கெட்டுப்போன திசு திரும்புமா? இதற்கு விடை தந்தது 1998இல் வெளியான ஓர் ஆய்வு. முதல் வகை சர்க்கரை நோயாளிகள் எட்டுப் பேருக்குக் கணையம் மாற்றப்பட்டது. அன்று முதல் அவர்களின் ரத்தச் சர்க்கரை இயல்பாகிவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். எந்த முன்னேற்றமும் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அடித்தள சவ்வின் தடிப்புக் குறைந்திருந்தது, நார்ப்பொருள் கரைந்திருந்தது. திசு தன்னைச் சீர்செய்துகொள்ளும். ஆனால், அதற்குப் பத்தாண்டு இயல்பான சர்க்கரை வேண்டும். செல்களுக்கு ஒருவித நினைவு இருப்பதை அமெரிக்காவின் டிசிசிடி ஆய்வும் காட்டியது: தொடக்க ஆண்டுகளில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாதவர்கள், பின்னாளில் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் நெடுநாள் கூடுதல் பாதிப்பைச் சுமந்தார்கள். டிஎன்ஏவைச் சுற்றியுள்ள வேதிக்குறிகளில் இந்த நினைவு எப்படிப் பதிகிறது என்பதைக் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் நிறுவனத்தில் ரமா நடராஜனின் குழு நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. "இப்போதுதானே சுகர் வந்திருக்கிறது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் அந்த முதல் ஐந்து ஆண்டுகளே மிகவும் விலைமதிப்புள்ளவை.

நல்ல செய்தி: செல்களுக்கு நேரும் இந்தக் கேட்டைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஆஞ்சியோடென்சினைத் தடுத்து வெளியேறும் குழாயைத் தளர்த்தும் மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காப்பது 1993இல் காப்டோப்ரில் ஆய்விலும், 2001இல் அதை ஒத்த வேறு மருந்துகளிலும் உறுதியானது. டெல்மிசார்டான் போன்ற, நம் வீடுகளுக்கு நன்கு பழகிய பிரஷர் மாத்திரைகள் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. அடுத்து வந்தவை எஸ்ஜிஎல்டி2 கடத்தியையே அடைக்கும் மருந்துகள். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்னும் பொருளில் தொடங்கிய தேடல், 2020இல் டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில் கனிந்தது. 4,304 சிறுநீரக நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வில், வடிகட்டும் திறன் பாதிக்கு மேல் சரிவது, முற்றிலும் செயலிழப்பது, சிறுநீரக நோயாலோ இதய நோயாலோ இறப்பது ஆகியவற்றின் கூட்டு அபாயம் 39 சதவீதம் குறைந்தது.

இவை பணக்காரர்களின் மருந்துகளாக இருந்த காலம் போய்விட்டது. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020இலும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்ற எம்பாகிளிஃப்ளோசின், அதன் பிறகு பத்து ரூபாய்க்குள்ளும் கிடைக்கத் தொடங்கியது. இவற்றை மருத்துவர் சொல்லாமல் யாரும் தொடங்கக் கூடாது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, காய்ச்சல் வாந்தி நாட்களில் நிறுத்த வேண்டிய தேவை போன்றவை உண்டு. இன்னொன்றையும் நோயாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்: இந்த மருந்துகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்றே ஏறலாம். கிளாமருலஸுக்குள் அழுத்தம் தணிந்ததன் அடையாளம் அது. விளக்கம் கிடைக்காத நோயாளி, "மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது" என்ற பழைய நம்பிக்கைக்கே திரும்பிப் போய் மருந்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார்.

உண்மையில் அஞ்ச வேண்டிய மாத்திரைகள் வேறு. முழங்கால் வலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள், கிளாமருலஸுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைச் சுருக்கிவிடுகின்றன. கோடை வெயிலில் நீர் வற்றிய உடம்போடு வேலை செய்கிறவருக்கு, ஏற்கெனவே சர்க்கரையால் நலிந்த சிறுநீரகம் இருந்தால், சில நாள் மாத்திரையே பெரும் கேடாகலாம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத சர்க்கரை திடீரென்று இறங்குகிறது. இன்சுலின் தேவை குறைகிறது. "சுகர் குணமாகிவிட்டது" என்று வீட்டில் மகிழ்கிறார்கள். இன்சுலினைச் சிதைத்து அகற்றும் முக்கிய உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம். அது ஓய்ந்துபோனால் இன்சுலின் உடலில் நீடிக்கிறது; சர்க்கரை தாழ்கிறது. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் வந்து பரிசோதித்த பிறகே நிலைமை தெரிகிறது. பிறகு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ்.

இத்தனையையும் முன்கூட்டியே தடுப்பது ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்குத் தாம்பரத்துக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கிராமங்களில் ஏற்கெனவே விடை எழுதப்பட்டிருக்கிறது. சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணியின் முன்முயற்சியில் சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் 1990களின் இறுதியில் அங்கு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 25,000 மக்கள். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் சில சொட்டு ரசாயனத்தை விட்டுப் புரதத்தையும் சர்க்கரையையும் சோதித்தார்கள். நோய் தெரிந்தவர்களுக்கு மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு, ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மிக மலிவான, பழைய மருந்துகள். பெரும்பாலோரின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது; சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்று மாதச் சராசரி அளவும் இலக்குக்குள் வந்தது. செலவு, தலைக்கு ஆண்டுக்கு அரை அமெரிக்க டாலருக்கும் குறைவு. உலகச் சிறுநீரக மருத்துவ இதழ்களில் இது முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பக்கத்திலேயே நடந்த இந்த அனுபவத்தை நம் புறநகர் ஆட்சி அமைப்புகள் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பதே வருத்தம்.

இன்று அதைவிடப் பெரிய வசதி கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். 2023இல் சிறுநீரகப் பாதுகாப்புக்கென அரசு தனித் திட்டம் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சிறுநீர்ச் சோதனையைக் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால், சர்க்கரை நோயாளிக்கு அது போதாது. சாதாரணப் பட்டை, புரதம் கணிசமாக ஒழுகிய பிறகே நிறம் மாறும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின் என்ற தொடக்கக் கசிவைப் பிடிப்பது, சிறுநீரில் ஆல்புமினையும் கிரியாட்டினினையும் ஒப்பிட்டு அளக்கும் ஏசிஆர் சோதனைதான். 'க்யூர்ஸ்' ஆய்வு கண்ட அந்த 26.9 சதவீதத்தினரைப் பட்டை பெரும்பாலும் தவறவிட்டுவிடும்.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் உருவானது தாம்பரம் மாநகராட்சி. மொத்தம் 70 வார்டுகள். இங்குள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதிவான ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை ஏசிஆர் சோதனையை இலவசமாகச் செய்ய வேண்டும். மாத்திரை கொடுக்கப் போகும் தன்னார்வலரே சிறுநீர்க் குப்பியையும் வாங்கி வரலாம். கசிவு தெரிந்தால் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மறுபடி சோதித்து உறுதிப்படுத்த வேண்டும். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும்கூடத் தற்காலிகமாக அளவை உயர்த்தும். உறுதியானவர்களுக்குக் காப்புரிமை நீங்கிய புதிய மருந்துகள் மருந்தகத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். வார்டுவாரியாக எத்தனை பேருக்குச் சோதனை நடந்தது என்பதை மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அரசு செய்யும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால் கண்டறிந்த நாளிலிருந்தும், முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகள் கழிந்ததிலிருந்தும், ஆண்டுக்கு ஒரு முறை ஏசிஆர் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் மருத்துவ நெறி. தனியார் நிலையங்களில் இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், கடைசியாக அவருக்கு இந்தச் சோதனை எப்போது செய்யப்பட்டது என்று கோப்பை எடுத்துப் பாருங்கள். அந்தத் தாள் இல்லையென்றால், இந்த மாதமே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.